அச்சுக்கு அந்தப் பக்கம்: கேரம் பலகையில் நடத்திய பிரதிபலிப்புப் பாடம்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் (3, 4) என்ற புள்ளியை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொல்லுங்கள். (−3, 4) என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருப்பார்கள். ஏன் என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: “எக்ஸ் அச்சுன்னுதானே மிஸ் சொன்னீங்க, அதான் எக்ஸை மாத்தினேன்.” அந்தப் பிள்ளையின் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. கேள்வியில் எக்ஸ் என்று வந்திருக்கிறது, அதில் கை வைத்திருக்கிறாள். அச்சு அங்கே ஒரு கண்ணாடி, பிம்பம் அதற்கு மறுபக்கம் (3, −4)-இல் விழும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கிற வைத்தியம் ஒரு சூத்திரம். “எக்ஸ் அச்சுன்னா ஒய்யை மாத்து, ஒய் அச்சுன்னா எக்ஸை மாத்து. உல்டான்னு ஞாபகம் வெச்சுக்கோ.” மாதத் தேர்வு வரைக்கும் அது தாங்கும். அரையாண்டு வரும்போது ‘உல்டா’ மட்டும் மனதில் நிற்கும், எதற்கு எது உல்டா என்பது போயிருக்கும். டியூஷன் நடத்துகிறவர்களும், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மா அப்பாக்களும் இந்த இடத்தில் அலுத்துப்போவதைப் பார்க்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சூத்திரத்தோடு கூடவே இன்னொரு தொல்லையும் வரும். “மைனஸ் போடு” என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோம். (3, 4)-க்கு அது சரியாக வந்துவிடும். (−2, −5)-ஐ எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கக் கொடுத்தால் பிள்ளை விழிக்கும். ஏற்கெனவே மைனஸ் இருக்கிறது, இன்னும் எங்கே போடுவது? சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் இரண்டு மைனஸ் எழுதிவிட்டு, சரியா என்பதுபோல் நம் முகத்தைப் பார்ப்பார்கள். (4, 0) கொடுத்தால் இன்னும் குழப்பம். பூஜ்யத்துக்கு முன்னால் மைனஸ் போட்டவர்கள் உண்டு. எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்று (−4, 0) எழுதியவர்களும் உண்டு.

நான் இப்போது குறியைப் பற்றிப் பேசுவதே கடைசியில்தான். முதலில் கிராஃப் ஷீட்டை எக்ஸ் அச்சின் மேலேயே மடிக்கச் சொல்கிறேன். கட்டங்கள் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே குத்துவது என்று தெரியாது. (3, 4) இருக்கிற இடத்தில் காம்பஸ் முனையால் இரண்டு மடிப்பிலும் இறங்கும்படி ஒரு குத்து. விரித்தால் இரண்டு ஓட்டைகள். தாளை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். இரண்டாவது ஓட்டையின் எண்ணை அவர்களே படிப்பார்கள்: மூன்று, மைனஸ் நான்கு. அடுத்து (4, 0)-இல் குத்தச் சொன்னால் முனை மடிப்பின் மேலேயே இறங்கும். விரித்துப் பார்த்தால் ஒரே ஓட்டை. “இன்னொண்ணு எங்க மிஸ்?” என்று ஒரு பிள்ளையாவது தேடும். தேடட்டும். அச்சின் மேல் இருக்கிற புள்ளி நகராது என்பதை அந்தத் தேடல் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு என் பேச்சு சொல்லிக்கொடுத்ததில்லை.

மடிப்பு பழகியபிறகு மூன்றே கேள்விகள். எந்தக் கோடு? அந்தக் கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தூரம்? இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது? எக்ஸ் அச்சு படுத்திருக்கிற கோடு. (3, 4) அதிலிருந்து 4 கட்டம் மேலே. பிம்பம் அதே 4 கட்டம் கீழே. இடவலமாக எதுவும் நகரவில்லை, ஆகவே 3 அப்படியே நிற்கிறது. (−2, −5) அதே கோட்டிலிருந்து 5 கட்டம் கீழே, பிம்பம் 5 கட்டம் மேலே, ஆகவே (−2, 5). குறி தானாக வந்து சேர்கிறது. புள்ளியையும் பிம்பத்தையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், அச்சு அந்தக் கோட்டைச் செங்குத்தாக, சரிபாதியாக வெட்டும். விடை சரிதானா என்று பார்க்க நான் சொல்லிக்கொடுக்கும் ஒரே சோதனை அதுதான்.

“தூரத்துல எப்படி மிஸ் மைனஸ் வரும்?” என்று கேட்கிற பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. தூரத்துக்கு மைனஸ் கிடையாது, பக்கத்துக்குத்தான் மைனஸ். இது பெரியவர்களுக்கே மெதுவாகத்தான் பிடிபட்டது. பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்ட்டே 1637-இல் வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒன்றாகக் கட்டிய நூலை வெளியிட்டபோது, இன்று நாம் வரைகிற மாதிரி நான்கு கால்பகுதியும் குறுக்கு நெடுக்கு அச்சுகளும் அதில் இல்லை. 1704-இல் வெளியான நியூட்டனின் வளைவரை ஆய்வில் இரண்டு பக்கமும், மைனஸ் எண்களோடு, பயன்பாட்டுக்கு வந்திருந்தன. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் ஒரு பீரியடு கொடுத்துவிட்டு ஏன் புரியவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

இனி கேரம்.

என் வகுப்பு வடசென்னையில், ஒரு கேரம் கிளப்பின் மாடியில் நடக்கிறது. கீழே காய்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் மேலே கணக்கு நடக்கும். இந்தப் பக்கத்தில் கேரம் என்பது மழைக்கு வீட்டுக்குள் ஆடுகிற பொழுதுபோக்கு அல்ல. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவருக்கு முன்பே இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் நோட்டில் கோடு போடுவதற்கு முன்பே ஸ்ட்ரைக்கர் பிடித்தவர்கள்.

அதில் ஒரு பையன். நோட்டைத் திறக்கவே யோசிப்பான், பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். ஒருநாள் வகுப்பு முடிந்து கீழே இறங்கும்போது அவன் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய காயை எதிராளியின் காய் மறைத்து நின்றது. நேராக அடிக்க வழியில்லை. எதிர்க் கட்டையில் மோதவிட்டுத் திரும்பி வருகிற ரீபவுண்டில் அடித்தான், காயில் சரியாகப் பட்டது.

“கட்டையில எந்த இடத்தப் பார்த்து அடிக்கணும்னு எப்படிடா தெரியும்?”

“அடிச்சு அடிச்சுப் பழக்கம் மிஸ். கண்ணுக்கே தெரியும்.”

அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பிரதிபலிப்பு. மறுநாள் மொத்த வகுப்பையும் கீழே கூட்டிக்கொண்டு போனேன். கிளப் அண்ணன்கள் ஓரத்துப் பலகையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

போட்டிப் பலகையின் ஆடுகளம் ஏறக்குறைய 74 செ.மீ சதுரம். அடிக்கிறவர் பக்கத்துக் கோட்டில் ஸ்ட்ரைக்கரை வைத்தால் அதன் மையம் நம் பக்கத்துக் கட்டையிலிருந்து சுமார் 12 செ.மீ தள்ளி இருக்கும். ஆக எதிர்க் கட்டைக்கு 62 செ.மீ. காயின் மையத்தை எதிர்க் கட்டையிலிருந்து 32 செ.மீ தூரத்தில், ஸ்ட்ரைக்கருக்கு 30 செ.மீ வலப்பக்கமாக வைத்தோம். அதற்கு நேர்வழியை இன்னொரு காயால் மறைத்தோம். எதிர்க் கட்டைதான் எக்ஸ் அச்சு என்று வைத்துக்கொண்டால் ஸ்ட்ரைக்கர் (0, 62), காய் (30, 32). காயின் பிம்பம் கட்டைக்கு அந்தப் பக்கம் 32 செ.மீ வெளியே, (30, −32). அந்த இடத்தில் பலகை உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஒரு கறுப்புக் காயை வைத்தேன்.

“வெளிய இருக்கிற காயைப் பார்த்து அடி. நடுவுல கட்டை இருக்கிறதையே மறந்துடு.”

அடித்தான். ஸ்ட்ரைக்கர் கட்டையில் மோதித் திரும்பி வந்து காயின் ஓரத்தில் பட்டது. காய் கோணலாக ஓடியது. மறுபடி அடித்தான், மறுபடியும் ஓரம். அவனுக்குக் கோபம். “நான் பார்த்து அடிச்சா நடுவுல படுது மிஸ், உங்க ஸ்டூலைப் பார்த்து அடிச்சா தள்ளிப் படுது.”

காரணத்தை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். “ஓரந்தான் மிஸ் கட்டையத் தொடுது. நடுப்புள்ளி தொடவே இல்ல” என்றாள். அவ்வளவுதான் விஷயம். ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு விதிப்படி 4.13 செ.மீக்கு மேல் போகக் கூடாது, ஆகவே ஆரம் சுமார் 2 செ.மீ. மையம் கட்டைக்கு 2 செ.மீ முன்னாலேயே திரும்பிவிடுகிறது. மையத்தின் பாதைக்குக் கண்ணாடிக் கோடு கட்டையில் இல்லை, கட்டைக்கு 2 செ.மீ உள்ளே இருக்கிறது. நாங்கள் வைத்திருந்த இடத்துக்குக் கணக்குப் போட்டால், ஸ்ட்ரைக்கர் காய்க்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட ஒன்றேகால் செ.மீ விலகியிருக்கும். காயில் படும், நடுவில் படாது.

சாக்பீஸால் கட்டைக்கு 2 செ.மீ உள்ளே மெல்லிசாக ஒரு கோடு போட்டோம். (பலகைக்காரர் அனுமதி கொடுத்தால் மட்டும் போடுங்கள். பவுடர் துடைக்கிற துணியால் உடனே துடைத்துவிடவும் வேண்டும்.) இப்போது அதுதான் எக்ஸ் அச்சு. ஸ்ட்ரைக்கர் (0, 60), காய் (30, 30), பிம்பம் (30, −30). கட்டையிலிருந்து பார்த்தால் 28 செ.மீ வெளியே, ஆகவே ஸ்டூல் மேலிருந்த காயை 4 செ.மீ உள்ளே நகர்த்தினோம். அடித்தான். கட்டையில் போய் மோதிய இடம் 20 செ.மீ வலப்பக்கம். திரும்பி வந்து காயின் நடுவில் ‘டக்’.

மேலே வந்து அதையே கிராஃபில் போட்டோம். (0, 60)-இலிருந்து (30, −30)-க்கு ஒரு நேர்கோடு. அது எக்ஸ் அச்சை (20, 0)-இல் வெட்டுகிறது. போகும்போது 60 இறங்குவதற்குள் 20 நகர்கிறது, திரும்பும்போது 30 ஏறுவதற்குள் 10 நகர்கிறது. இரண்டும் ஒரே சாய்வு, அதனால்தான் போன கோணமும் வந்த கோணமும் சமம். அந்தப் பையன் அன்று நோட்டில் போட்ட படத்துக்கு அவனே அளவு குறித்தான், அம்புக்குறி போட்டான், பிம்பத்துக்குப் புள்ளிக்கோட்டால் வழி போட்டான்.

நிஜ ஆட்டத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டையில் மோதும்போது ஸ்ட்ரைக்கர் வேகம் இழக்கும், உரசலில் சுழலும், கோணம் கொஞ்சம் மாறும். பவுடர் கம்மியாக இருக்கிற பலகையில் மெதுவாக அடித்தால் நன்றாகவே தெரியும். நல்ல ஆட்டக்காரர் அந்த வித்தியாசத்தைக் கையில் வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதை மறைத்தால் கணக்கு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்புக்கு இதே பாடத்தை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். (0, 3)-இலிருந்து கிளம்பி எக்ஸ் அச்சை எங்காவது தொட்டுவிட்டு (12, 6)-க்குப் போக வேண்டும், மிகக் குறைந்த தூரம் எது? (12, 6)-ஐ அச்சில் பிரதிபலித்தால் (12, −6). அங்கே போகிற நேர்கோடு அச்சை (4, 0)-இல் வெட்டும். நீளம் 15. பிரித்துப் பார்த்தால் 5-உம் 10-உம். வேறு எந்த இடத்தில் தொட்டாலும் 15-ஐத் தாண்டும், பிள்ளைகள் (6, 0)-ஐயும் (3, 0)-ஐயும் போட்டுப் பார்த்துத் தாங்களே நம்புவார்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி குறைந்த தூரப் பாதையில்தான் போகிறது என்று அலெக்சாந்திரியாவின் ஹெரான் ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன்பே இதே யோசனையை வைத்துத்தான் காட்டினார்.

இரண்டு அச்சிலும் அடுத்தடுத்துப் பிரதிபலிப்பதற்கும் பலகையில் இடம் இருக்கிறது. எதிர்க் கட்டையில் மோதி, உடனே பக்கக் கட்டையிலும் மோதித் திரும்புகிற ஸ்ட்ரைக்கர், கிளம்பிய திசைக்கு இணையாகவே திரும்பி வரும். ஒரு மோதலில் ஒய் திசை திரும்புகிறது, இன்னொன்றில் எக்ஸ் திசை. (3, 4) எந்த வரிசையில் போனாலும் (−3, −4)-இல் போய் நிற்பதும் இதனால்தான். ஆதிப்புள்ளியைச் சுற்றி அரைச் சுற்றுத் திருப்பினாலும் அங்கேதான் வரும்.

கேரம் பலகை எனக்குப் பெரிதாக உதவியது வேறோர் இடத்தில். கண்ணாடிக் கோடு கட்டையிலிருந்து 2 செ.மீ நகர்ந்ததும், அச்சு என்பது நகரக்கூடிய ஒன்று என்று பிள்ளைகளுக்குப் பட்டுவிட்டது. அதன்பிறகு எக்ஸ் = 3 என்ற நெட்டுக்கோட்டில் (5, 2)-ஐப் பிரதிபலிக்கச் சொன்னேன். சூத்திரம் மனப்பாடம் செய்திருந்தவர்கள் (−5, 2) எழுதினார்கள். தூரம் பார்த்தவர்கள் கோட்டிலிருந்து 2 கட்டம் வலப்பக்கம், ஆகவே 2 கட்டம் இடப்பக்கம் என்று (1, 2) எழுதினார்கள். குறியை மாற்றுகிற சூத்திரம் அச்சுகளுக்கு மட்டுமே செல்லும். தூரம் எந்தக் கோட்டுக்கும் செல்லும். நான் குறியைக் கடைசிக்குத் தள்ளியதற்கு முழுக் காரணமும் இதுதான். எண்ணாகவே வேண்டும் என்கிறவர்களுக்கு: கோட்டின் எண்ணை இரட்டித்து அதிலிருந்து புள்ளியின் எண்ணைக் கழியுங்கள், 6 − 5 = 1. அச்சுக்குக் கோட்டின் எண் 0. 0 − 5 = −5 என்று குறி மட்டும் மாறுவது அந்த ஒரு இடத்தில்தான்.

நகர்ந்த அச்சு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நேரடியாக மதிப்பெண் தரும். கிராஃப் கேள்விக்கு 8 மதிப்பெண். அதில் இருபடிச் சமன்பாடு வந்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு −4 முதல் 4 வரை அட்டவணை போடுகிறார்கள். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். −4-க்கு 35 வரும். அதைக் குறிக்க அளவுத்திட்டத்தைச் சுருக்கினால் வளைவின் அடிப்பகுதி நசுங்கிப்போகும். எக்ஸுக்கு முன்னால் இருக்கும் −4-இன் குறியை மாற்றி, எக்ஸ்²-இன் கெழுவைப் போல் (இங்கே கெழு 1) இரண்டு மடங்கால் வகுத்தால் 2 கிடைக்கும். எக்ஸ் = 2 தான் இந்த வளைவுக்குக் கண்ணாடிக் கோடு. அதற்கு இரண்டு பக்கமும் சமமாக −1 முதல் 5 வரை எடுத்தால் 8, 3, 0, −1, 0, 3, 8 என்று வரும். அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும், −1-க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கிறது. எங்காவது ஒரு எண் பொருந்தவில்லை என்றால் கூட்டல் கழித்தலில் பிழை. பேனாவை வைத்துப் புள்ளி குறிக்கும் முன்பே பிடித்துவிடலாம். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2 மாதிரி வந்தால் கோடு −½-இல் விழும், அப்போது −3 முதல் 2 வரை எடுக்கச் சொல்கிறேன்: 4, 0, −2, −2, 0, 4. நடுவில் ஒற்றை எண் இருக்காது, இரண்டு −2 பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வளைவின் அடி அவற்றுக்கு இடையில் இன்னும் கொஞ்சம் கீழே போகும். அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேலால் இணைத்துவிடக் கூடாது என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

முக்கோணப் பரப்பளவிலும் பிரதிபலிப்பு ஒளிந்திருக்கிறது. (1, 1), (5, 1), (1, 4) என்ற முக்கோணத்துக்குப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் பரப்பு 6. ஒய் அச்சில் பிரதிபலித்து, முனைகளை அதே வரிசையில் எடுத்து, (−1, 1), (−5, 1), (−1, 4) என்று போட்டால் −6 வரும். பிள்ளைகள் பதறி முழுக் கணக்கையும் அடித்துவிடுவார்கள். கணக்கில் தப்பில்லை. அசல் முக்கோணத்தில் முனைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்தன, கண்ணாடிக்குள் போனதும் முள் போகிற திசையில் சுற்றுகின்றன. பரப்பு மாறவில்லை, சுற்று மாறியிருக்கிறது. விடையில் மைனஸை எடுத்துவிட்டு 6 சதுர அலகு என்று எழுதினால் போதும். மடித்த தாளில் மூன்று முனைகளையும் குத்தி, அ, ஆ, இ என்று பெயர் எழுதி விரலால் சுற்றிக் காட்டினால் இது உடனே புரிகிறது.

வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதல் நாள் தாளும் காம்பஸும் போதும், எண்ணே வேண்டாம். அடுத்து எண்களைப் படிக்கவிடுங்கள், ஆரம்பத்திலேயே நான்கு கால்பகுதியிலிருந்தும் புள்ளிகள் கொடுங்கள், அச்சின் மேல் இருக்கிற புள்ளி ஒன்றாவது அதில் இருக்கட்டும். முதல் கால்பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் “மைனஸ் போடு” என்பது நாமே சொல்லாவிட்டாலும் அவர்களுக்குள் குடியேறிவிடும். அதன்பின் எக்ஸ் = 3, ஒய் = −2 மாதிரி நகர்ந்த கோடுகள், அதே வாரத்திலேயே. பாடத்தில் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், அச்சு மட்டுமே கண்ணாடி என்ற எண்ணம் இறுகிவிட்டால் பிறகு கலைப்பது கஷ்டம். கேரம் பலகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு பழைய பரீட்சை அட்டையின் ஓரத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு கோலிக்குண்டை உருட்டினாலும் போதும். அங்கேயும் குண்டின் ஆரத்தைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.